கயிறை இழுத்து இழுத்து கை வலிக்குதா? ரிப்பேர் பட்டறை பையனாகத் தொடங்கி உலகை ஓட வைத்த சோய்சிரோ ஹோண்டாவின் கதை!

மரம் அறுக்கும் மெஷின், மருந்தடிக்கும் ஸ்பிரேயர், புல் வெட்டும் மெஷின், ஜெனரேட்டர்... பெயர் எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது ஒரு சின்ன இன்ஜின்தான். பத்து தடவை கயிறை இழுத்தும் அது ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், அனுபவம் உள்ள மெக்கானிக் உடனே ஸ்பானரை எடுக்க மாட்டார். முதலில் மூன்று கேள்வி கேட்பார்.

உள்ளே பெட்ரோல் வருதா? பிளக்கில் ஸ்பார்க் அடிக்குதா? கம்ப்ரஷன் இருக்கா?

இந்த மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு ஒளிந்திருக்கும். எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கழற்றினால் காசும் போகும், நேரமும் போகும்.

இந்த மூன்று கேள்விகளோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஒரு மெக்கானிக் ஜப்பானில் இருந்தார். கடைசியில் கோளாறு மெஷினில் இல்லை, தன்னிடம்தான் இருக்கிறது என்ற நிலையும் அவருக்கு வந்தது. அவர்தான் சோய்சிரோ ஹோண்டா.

கொல்லர் வீட்டுப் பையன்

1906 நவம்பர் 17. ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில், ஹமாமட்சு நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள கோம்யோ என்ற கிராமத்தில் பிறந்தார் சோய்சிரோ. அப்பா கிஹெய் ஒரு கொல்லர். பின்னாளில் சைக்கிள் ரிப்பேரும் செய்தார். அம்மா மிகா தறி நெய்தவர். சுத்தியல் சத்தத்திலும் இரும்பு வாசனையிலும் வளர்ந்த பையனுக்குப் பள்ளிப் படிப்பில் பெரிய நாட்டம் இல்லை.

அந்தக் கிராமத்துக்கு முதல் முறையாக ஒரு கார் வந்தபோது அதன் பின்னாலேயே ஓடினார். கார் நின்ற இடத்தில் தரையில் சிந்திய ஆயிலை முகர்ந்து பார்த்தார். அந்த வாசனை கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

1917-ல் ஹமாமட்சுவில் ஆர்ட் ஸ்மித் என்ற அமெரிக்க விமானி சாகசம் செய்து காட்டினார். வீட்டுக்குத் தெரியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார் சிறுவன் சோய்சிரோ. டிக்கெட் வாங்கக் காசு போதவில்லை. பக்கத்தில் இருந்த மரத்தில் ஏறி உட்கார்ந்து விமானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

பட்டறையில் கிடைத்த முதல் வேலை, குழந்தை பார்த்துக்கொள்வது!

1922-ல், 15 வயதில், டோக்கியோவில் இருந்த ஆர்ட் ஷோகாய் என்ற கார் ரிப்பேர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். கார்களைத் தொடலாம் என்று ஆசையாகப் போனவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் கடையைச் சுத்தம் செய்வதும்தான்.

முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, மற்றவர்கள் இன்ஜினைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாதக் கணக்கில் இதே கதை. ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தார். ஒருநாள் கூட்டம் அதிகமாகி ஆள் பற்றாக்குறை வந்தபோதுதான் அவர் கையில் முதல் முறையாக ஸ்பானர் கொடுக்கப்பட்டது.

1923 செப்டம்பர் 1-ம் தேதி டோக்கியோவைப் புரட்டிப்போட்டது பெரும் நிலநடுக்கம். நகரமே பற்றி எரிந்தது. பட்டறையில் இருந்த கார்களை வெளியே எடுக்க வேண்டிய அவசரத்தில்தான் சோய்சிரோ முதல் முறையாக கார் ஓட்டினார். அதன் பிறகு தீயில் கருகிய கார்களை மறுபடியும் ஓட வைப்பதே பட்டறையின் முக்கிய வேலையானது. பல மெக்கானிக்குகள் ஊருக்குப் போய்விட, எஞ்சியிருந்த பையன் வேகமாகத் தொழிலைக் கற்றுக்கொண்டான்.

சுமார் 18 வயதில், மொரியோகா என்ற தொலைதூர ஊருக்கு ஒரு தீயணைப்பு வண்டியை ரிப்பேர் செய்ய அவரை அனுப்பினார் முதலாளி. வந்து இறங்கிய பொடியனைப் பார்த்து அங்கிருந்தவர்களுக்கு நம்பிக்கையே வரவில்லை. தங்குவதற்கும் சாதாரண அறைதான் கொடுத்தார்கள். அவர் வண்டியை அக்கக்காகப் பிரித்தபோது, திரும்பச் சேர்ப்பானா இவன் என்று கவலைப்பட்டார்கள்.

சேர்த்தார். இன்ஜின் ஓடியது. குழாயில் தண்ணீர் பீறிட்டது. அன்றைக்கு ராத்திரியே அவருக்கு நல்ல அறை, நல்ல சாப்பாடு!

கம்ப்ரஷன்: 50-ல் 3 மட்டும்தான் பாஸ்

1928-ல் அதே பட்டறையின் கிளையை ஹமாமட்சுவில் தொடங்கினார் ஹோண்டா. தொழில் நன்றாகவே போனது. ஆனால் மற்றவர் செய்த பொருளை ரிப்பேர் பார்ப்பதோடு நிற்க அவருக்கு மனமில்லை. பிஸ்டன் ரிங் தயாரிக்க முடிவெடுத்தார்.

பிஸ்டன் ரிங் என்றால் என்ன? இன்ஜின் சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் மெல்லிய வளையம். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் உள்ள இடைவெளியை அடைப்பது இதுதான். இது தேய்ந்துபோனால் உள்ளே அமுக்கப்படும் காற்று பக்கவாட்டில் கசியும். கம்ப்ரஷன் குறையும். பெட்ரோலும் ஸ்பார்க்கும் சரியாக இருந்தாலும் இன்ஜின் கிளம்பாது.

வழக்கத்தைவிட லேசாகக் கயிறு வருகிறது, எதிர்த்து இழுக்கும் விசையே இல்லை என்றால் மெக்கானிக்குக்கு முதல் சந்தேகம் இங்கேதான். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகச் சில சொட்டு ஆயில் விட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். இப்போது கயிறு டைட்டாக வந்தால், ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். செயின்சா மாதிரி டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் இன்னொரு வழியும் இருக்கு. சைலன்சரைக் கழற்றினால் புகை வெளியேறும் துவாரம் வழியாக பிஸ்டனையே பார்க்கலாம். அதில் நெட்டுக்குத்தாகக் கீறல் தெரிந்தால், ஆயில் போதாமல் உரசியிருக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவு முக்கியமான வளையத்தைச் செய்வது, வெளியில் இருந்து பார்க்கும் அளவுக்குச் சுலபம் இல்லை. ஹோண்டா வார்த்த ரிங்குகள் உடைந்தன, அல்லது சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டன. ராத்திரி பகலாக முயன்றும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் ஹமாமட்சுவில் இருந்த தொழில்நுட்பப் பள்ளி ஆசிரியரிடம் தன் ரிங்கைக் கொண்டுபோய்க் காட்டினார். உலோகத்தில் சிலிக்கான் போதவில்லை என்பது தெரிந்தது.

சிலிக்கான் என்றால் என்னவென்றே அவருக்கு அதுவரை தெரியாது. 30 வயதில், பட்டறை முதலாளியாக இருந்துகொண்டே அதே பள்ளியில் மாணவராகப் போய் உட்கார்ந்தார். தனக்குத் தேவையான பாடத்தை மட்டும் கேட்டார், பரீட்சை எழுதவில்லை. பட்டமும் கிடைக்கவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

அதன் பிறகும் அடி விழுந்தது. டொயோட்டாவுக்குத் தரப் பரிசோதனைக்காக 50 ரிங்குகள் கொடுத்தார். பாஸ் ஆனது 3 மட்டுமே! தொழிற்சாலைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அலைந்து, தயாரிப்பு முறையை மறுபடியும் கற்றுக்கொண்டு வந்த பிறகே ஆர்டர் கிடைத்தது.

அப்படிக் கட்டி எழுப்பிய டோகாய் செய்கி நிறுவனமும் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஒரு தொழிற்சாலையைக் குண்டு அழித்தது. 1945 ஜனவரியில் வந்த நிலநடுக்கத்தில் இன்னொன்று இடிந்தது. போர் முடிந்ததும் நிறுவனத்தை டொயோட்டாவுக்கு 4,50,000 யென்னுக்கு விற்றுவிட்டு, ஒரு வருடம் எந்த வேலையும் செய்யாமல் வீட்டில் இருந்தார்.

பெட்ரோல்: ராணுவ ரேடியோவில் இருந்து வந்த இன்ஜின்

1946. போரில் தோற்ற ஜப்பானில் அரிசிக்கே தட்டுப்பாடு. ரயிலில் கால் வைக்க இடமில்லை. ஹோண்டாவின் மனைவி சாச்சி உணவுப் பொருள் வாங்க வெகுதூரம் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு குட்டி இன்ஜினைப் பார்த்தார் ஹோண்டா. ராணுவத்தின் வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்டது. போர் முடிந்ததும் தேவையில்லாமல் கிடந்தது. இதை சைக்கிளில் மாட்டினால் என்ன?

முதல் மாதிரிக்கு பெட்ரோல் டேங்க் எது தெரியுமா? படுக்கையைச் சூடாக்கப் பயன்படும் வெந்நீர்க் குடுவை! முதலில் இன்ஜினை முன்னால் வைத்து, உருளை மூலம் முன் டயரை உரசி ஓட வைத்துப் பார்த்தார். அந்தக் காலத்து மட்டமான டயர் சீக்கிரம் தேய்ந்துபோனது. உடனே இன்ஜினை சைக்கிள் சட்டத்துக்குள் மாற்றி, பெல்ட் மூலம் பின் சக்கரத்தைச் சுழற்றினார்.

சுமார் 500 ராணுவ இன்ஜின்கள் வாங்கப்பட்டன. ஒன்றைக்கூட அப்படியே விற்கவில்லை. ஒவ்வொன்றையும் பிரித்து, சரிபார்த்து, சேர்த்து, ஓட்டிப் பார்த்த பிறகே வெளியே அனுப்பினார்கள்.

ஓட்டிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் சாச்சி. ஒரு நாள் நல்ல உடை உடுத்திக்கொண்டு கிளம்பியவர் துணியெல்லாம் ஆயில் கறையோடு திரும்பினார். இப்படி இருந்தால் வாங்குகிறவர்கள் திட்டுவார்கள் என்று கணவரிடம் சொல்லிவிட்டார். வழக்கமாக எகிறும் ஹோண்டா அன்று பேசாமல் கேட்டுக்கொண்டார். ஆயில் கலந்த பெட்ரோல் கார்பரேட்டர் வழியாகத் திரும்பத் தெறிப்பதுதான் காரணம். அது சரிசெய்யப்பட்டது.

கார்பரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து இன்ஜினுக்குள் அனுப்பும் பாகம். தலைமுடி அளவு ஓட்டைகள் கொண்டது. மாதக் கணக்கில் டேங்கில் பெட்ரோல் கிடந்தால் அது பிசினாக மாறி இந்த ஓட்டைகளை அடைக்கும். சீசன் முடிந்து மூலையில் வைத்த செயின்சாவும் ஸ்பிரேயரும் அடுத்த வருடம் அடம்பிடிக்க இது ஒரு பெரிய காரணம். பல தடவை இழுத்த பிறகும் பிளக் உலர்ந்தே இருந்தால் பெட்ரோல் உள்ளே போகவில்லை. பிளக் நனைந்து சொட்டினால் தேவைக்கு மேல் போகிறது. ஒரு பிளக்கே இவ்வளவு சொல்லும்!

ஹோண்டாவுக்கு அன்று இருந்த பிரச்சனை இன்னும் பெரிசு. நல்ல பெட்ரோலே கிடைக்கவில்லை. பைன் மரத்தில் இருந்து எடுத்த எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். புகையும் நாற்றமும் தாங்காது. ஆனாலும் சைக்கிள் மிதிக்காமல் நகர்ந்தது, மக்களுக்கு அது போதும்.

ராணுவ இன்ஜின்கள் தீர்ந்ததும் 1947-ல் சொந்தமாக ஏ-டைப் இன்ஜினைச் செய்தார். 1948 செப்டம்பரில் ஹோண்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. அடுத்த வருடம் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ள தக்கேயோ ஃபுஜிசாவா வந்து சேர்ந்தார். மெஷின் ஹோண்டாவுக்கு, கணக்கு ஃபுஜிசாவாவுக்கு. கடைசி வரை அந்தக் கூட்டணி பிரியவில்லை.

1952-ல் வந்த கப் எஃப்-டைப் இன்ஜினை விற்க ஃபுஜிசாவா எடுத்த முடிவு இந்தக் கதையில் முக்கியமானது. நாடு முழுவதும் இருந்த சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் போட்டார். பஞ்சர் ஒட்டுகிற, செயின் மாட்டுகிற அதே கடைக்காரர்கள் இனி இன்ஜினையும் விற்கலாம், ரிப்பேரும் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான கடைகள் சம்மதித்தன. ஜப்பானின் மூலை முடுக்கெல்லாம் சின்ன இன்ஜின் மெக்கானிக் உருவானது இப்படித்தான். 1953-ல் விவசாயக் கருவிகளுக்கான எச்-டைப் இன்ஜினையும் வெளியிட்டது ஹோண்டா.

1954: கம்பெனியே கவிழ இருந்த வருடம்

வளர்ச்சி வேகமாக இருந்தது. அடியும் அதே வேகத்தில் வந்தது. 1954-ல் அறிமுகமான ஜூனோ ஸ்கூட்டர் கனமாக இருந்தது. மூடிய உடலுக்குள் இன்ஜின் சூடேறியது. கப் விற்பனை சரிந்தது. எல்லாவற்றுக்கும் மேல், அதிகம் நம்பியிருந்த ட்ரீம் 4இ பைக்கில் இன்ஜின் சரியில்லை என்று புகார்கள் குவிந்தன.

இன்ஜினை எவ்வளவு ஆராய்ந்தும் விடை கிடைக்கவில்லை. கடைசியில் கோளாறு கார்பரேட்டரில் இருப்பது தெரிந்தது. ஒரு சின்னப் பாகம் கம்பெனியையே மூட வைக்கப் பார்த்தது. பொருள் கொடுத்தவர்களிடம் பணத்துக்கு அவகாசம் கேட்டு, வங்கி உதவியோடு ஃபுஜிசாவா சமாளித்தார்.

அதே வருடம் உலகப் புகழ்பெற்ற ஐல் ஆஃப் மேன் பைக் பந்தயத்தைப் பார்க்க ஐரோப்பா போனார் ஹோண்டா. அங்கே ஓடிய பைக்குகளின் சக்தியைப் பார்த்து அசந்துபோனார். திரும்பும்போது பெட்டி நிறைய கார்பரேட்டர், செயின், டயர் என்று பாகங்கள்தான். ஒரு தொழிற்சாலையில் தரையில் கிடந்த ஸ்டார் ஸ்க்ரூவையும் எடுத்து வந்தார். ஒற்றைக் கோடு போட்ட ஸ்க்ரூவைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஸ்டார் ஸ்க்ரூ என்றால் மெஷினாலேயே வேகமாக முடுக்கலாம். அவர் கண்ணுக்கு அதுவும் தப்பவில்லை.

1959-ல் அதே பந்தயத்தில் ஹோண்டா பைக்குகள் களமிறங்கின. 1961-ல் 125 சிசி, 250 சிசி இரண்டு பிரிவிலும் முதலிடம்!

ஸ்பார்க்: குட்டி இன்ஜினுக்கு குட்டி பிளக்

1958-ல் வந்தது சூப்பர் கப். 50 சிசிக்குள் ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின். டூ-ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். அளவு தப்பினால் ஒன்று புகை கக்கும், இல்லை இன்ஜின் உரசி நிற்கும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஆயிலுக்குத் தனி இடம் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் அவ்வளவு சின்ன இன்ஜினின் தலைப்பகுதியில் வால்வுகளுக்கே இடம் போதவில்லை. வழக்கமான ஸ்பார்க் பிளக் அதில் எப்படி உட்காரும்? அதற்காக 10 மி.மீ. மரை கொண்ட சிறிய பிளக் பயன்படுத்தப்பட்டது. நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டே ஓட்டும்படி, கையால் பிடிக்கும் கிளட்ச்சையும் எடுத்துவிட்டார்கள்.

விளைவு? 2017-க்குள் சூப்பர் கப் வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது.

சூடு: கோளாறு மெஷினிலா, மனுஷனிலா?

இதுவரை சொன்ன மூன்றும் சரியாக இருந்தும் சில இன்ஜின்கள் நடுவில் நின்றுவிடும். காரணம் சூடு. செயின்சா போன்ற சின்ன இன்ஜின்களைக் குளிரவைப்பது காற்று மட்டுமே. சிலிண்டரைச் சுற்றி இருக்கும் தகடுகளில் மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து அப்பிக்கொண்டால் சூடு வெளியேறாது. கவரைக் கழற்றிச் சுத்தம் செய்வதை மறந்தால், நல்ல இன்ஜினும் கருகிவிடும்.

காற்றால் குளிரும் இன்ஜின் மேல் ஹோண்டாவுக்குத் தீராத காதல். ரேடியேட்டர் வேண்டாம், தண்ணீர் கசியாது, எடை குறைவு. பைக்குக்கும் ஜெனரேட்டருக்கும் அது பொருத்தம்தான். காருக்கும் அதுவே போதும் என்று அவர் பிடிவாதம் பிடித்தபோதுதான் சிக்கல் வந்தது.

1968-ல் காற்றால் குளிரும் இன்ஜினோடு ஒரு ஃபார்முலா 1 கார் தயாரானது. அது பந்தயத்துக்கு இன்னும் தயாராகவில்லை என்று அணியின் முக்கிய வீரர் ஜான் சர்டீஸ் ஓட்ட மறுத்தார். பிரெஞ்சு கிராண்ட் பிரியில் அதை ஓட்டிய ஜோ ஷ்லெசர், கார் விபத்தில் தீப்பிடித்து உயிரிழந்தார். 1969-ல் விற்பனைக்கு வந்த ஹோண்டா 1300 காரிலும் அதே காற்றுக் குளிர்ச்சிதான். கார் கனமாகவும் தயாரிக்கச் செலவு பிடிப்பதாகவும் இருந்தது.

புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வரப்போகின்றன, இன்ஜின் சூட்டை ஒரே அளவில் வைக்கத் தண்ணீர்க் குளிர்ச்சிதான் வழி என்று இளம் இன்ஜினீயர்கள் வாதாடினார்கள். ஹோண்டா கேட்கவில்லை. அவர் கோபக்காரர். வேலையில் தவறு நடந்தால் கை நீட்டியதும் உண்டு. அவரிடம் எதிர்த்துப் பேசுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதனால் இளைஞர்கள் ஃபுஜிசாவாவிடம் போனார்கள்.

ஃபுஜிசாவா நேரடியாகவே கேட்டார். நீங்கள் இந்தக் கம்பெனியின் தலைவராக இருக்கப் போகிறீர்களா, இன்ஜினீயராக இருக்கப் போகிறீர்களா? தலைவராகவே இருப்பதாகச் சொன்னார் ஹோண்டா. அப்படியென்றால் இளைஞர்கள் தண்ணீர்க் குளிர்ச்சி இன்ஜின் செய்ய அனுமதிக்க வேண்டும். கொஞ்ச நேர மவுனத்துக்குப் பிறகு அவர் ஒப்புக்கொண்டார்.

அந்த இளைஞர்கள் செய்த சிவிசிசி இன்ஜின் 1972-ல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் கடுமையான புகை விதிகளைத் தாண்டி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஐம்பது வருடமாக மெஷின்களின் கோளாறைக் கண்டுபிடித்த மனிதருக்கு, தன் கோளாறை இன்னொருவர் காட்ட வேண்டியிருந்தது. காட்டியபோது அவர் ஏற்றுக்கொண்டார். அவர் செய்ததிலேயே கஷ்டமான ரிப்பேர் அதுதான்.

ஆயில் கையோடு ஒரு கைகுலுக்கல்

1973-ல் ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் ஒன்றாகவே பதவியை விட்டு விலகினார்கள். தலைவர் பதவி அவர் மகனுக்குப் போகவில்லை. 1947-ல் வேலைக்குச் சேர்ந்த இன்ஜினீயர் கியோஷி கவாஷிமாவுக்குப் போனது.

ஓய்வுக்குப் பிறகு ஹோண்டா வீட்டில் உட்காரவில்லை. ஜப்பான் முழுக்க இருந்த ஹோண்டா தொழிற்சாலைகளுக்கும் விற்பனைக் கடைகளுக்கும், ஊர் ஊராக, நேரில் போனார். ஒவ்வொரு தொழிலாளியின் கையையும் பிடித்து நன்றி சொன்னார். ஒரு இடத்தில் இளைஞர் ஒருவர் தன் கையில் ஆயில் அப்பியிருப்பதைப் பார்த்துத் துடைக்க ஓடினார். அவரைத் தடுத்து, அந்தக் கையை அப்படியே பிடித்துக் குலுக்கினார் ஹோண்டா.

1991 ஆகஸ்ட் 5-ம் தேதி, 84 வயதில் அவர் காலமானார். தனக்காகக் கம்பெனி சார்பில் பெரிய இறுதிச் சடங்கு எதுவும் நடத்தக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். காரணம்? வண்டி தயாரிப்பவரின் சாவுக்குக் கூட்டம் கூடி, தெருவில் டிராஃபிக் ஜாம் ஆகக் கூடாதாம்!